ஐந்து பேர் இறங்கிக்கொண்டிருக்கும் மலை

நாச்சிமுடி மலைக்கு ஏற ஒன்றரை நாள், இறங்க ஒன்றரை நாள், ஆக மொத்தம் மூன்று நாள் என்று சொல்லித்தான் மூக்கையா அந்த மூன்று பேரையும் ஒரு மாசி மாதத்து வியாழக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போனார். சொன்னபடியே வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்களை உச்சியைத் தொடவைத்து, உச்சியில் இருக்கும் மூன்றடி நாச்சியம்மன் கல்லுக்கு ஒரு முழம் கதம்பம் சுற்றவைத்து, கேரளத்துப் பக்கத்து மேகத்தையும் தமிழ்நாட்டுப் பக்கத்து வெயிலையும் ஒரே நேரத்தில் போட்டோ எடுக்கவைத்து, அன்றைக்கே இறங்கத் தொடங்கினார். ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் இறங்கி முடிந்தபாடில்லை.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் அடிவாரத்து அத்திமடைக்காரர்கள் கேட்பார்கள். மலை என்றால் அதற்கும் நாலு குணம் இருக்கத்தான் செய்யும், மழை பெய்ய வேண்டிய மாதத்தில் பெய்யாத வானத்தோடும் தண்ணீர் வராத குழாயோடும் வாழ்ந்து பழகிய ஊருக்கு, முடியாத ஓர் இறக்கம் பெரிய சங்கதியா என்பார்கள். ஆனால் அப்படிச் சொல்லும்போது அவர்கள் மேற்கே மலைப் பக்கம் பார்க்க மாட்டார்கள்.

அத்திமடையில் பன்னிரண்டு வீட்டார் வழிகாட்டிகள். மலை ஏற வருகிறவர்களுக்கு முன்னால் நடப்பதும், அவர்கள் பையைத் தூக்குவதும், அட்டைப்பூச்சி கடித்தால் உப்பு வைப்பதும் அவர்கள் பிழைப்பு. அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. பாதை மடங்கித் திரும்பும் இடத்தை அவர்கள் மடக்கு என்பார்கள், அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் நாற்பத்திரண்டு மடக்கு. ஆனால் வந்தவர் யாராக இருந்தாலும், கலெக்டரே ஆனாலும், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் உண்மையைச் சொல்லக் கூடாது, இன்னும் ஒரே ஒரு மடக்குதான் என்றுதான் சொல்ல வேண்டும். உண்மையான தூரத்தை மனுஷன் தாங்கினாலும் அவன் கால் தாங்காது என்பது அவர்கள் கணிப்பு. பதினேழு வயதில் தொழிலுக்கு வந்த மூக்கையா இருபத்தைந்து வருடமாக ஒரு நாளைக்கு அறுபது தடவை இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார், குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறவள் எவ்வளவு குற்ற உணர்ச்சி கொள்வாளோ அவ்வளவுதான் அவரும் கொண்டிருக்கிறார்.

அந்தத் தடவை வந்தவர்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கோமதிநாயகம் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வலது முட்டியில் நீக்கேப் போட்டிருந்தார். எஸ்தர், நாகர்கோவிலில் ஸ்கூல் டீச்சர், யாரோடும் அதிகம் பேசாதவர். சென்னையிலிருந்து வந்த பிரதீப்புக்கு இருபத்தாறு வயது, கம்ப்யூட்டர் வேலை, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வழி நெடுக போனைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே வந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அடிவாரத்துக்குச் சற்று மேலே இருக்கும் கடைசி மடக்குக்கு வந்துவிட்டார்கள். கீழே பஞ்சாயத்தின் மஞ்சள் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, காளியம்மன் கோயில் மைக்செட்டின் இரண்டு குழாயும் தெரிந்தன, மூக்கையாவின் ஓட்டு வீடும் அதன் வாசலில் கொடியில் காயும் அவர் மனைவி வேலுத்தாயின் பச்சைச் சேலையும் தெரிந்தன.

"ஏம்ப்பா மூக்கையா, இன்னும் எவ்வளவு தூரம் கெடக்கு? முட்டி ஒத்துக்கிட மாட்டேங்குதே" என்றார் கோமதிநாயகம்.

"இந்தா வந்திருச்சு சார். இன்னும் ஒரே ஒரு மடக்குதான்."

இருபத்தைந்து வருடத்தில் அவர் சொன்ன அந்த வார்த்தை அப்பொழுதுதான் நிஜமாகவே நிஜம், அதற்கே அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. மடக்கைத் திரும்பினார்கள். அங்கே தார் ரோடும் டீக்கடையும் இருக்க வேண்டும், அதற்குப் பதிலாக இன்னொரு மடக்கு இருந்தது. மூக்கையா நின்று பார்த்தார். அவர் பார்த்திராத ஒரு பாறை, அவர் பார்த்திராத ஒரு கடுக்காய் மரம், கீழே அதே தண்ணீர்த் தொட்டி, அதே பச்சைச் சேலை, அதே தூரம். வழி தப்பிவிட்டோம் என்று ஒரு வழிகாட்டி வாய்விட்டுச் சொல்ல முடியாது, அதனால் அவர் "இன்னும் ஒரே ஒரு மடக்குதான்" என்று மறுபடியும் சொன்னார், அதைத் திரும்பினால் அங்கே இன்னொன்று இருந்தது.

அப்படியே ஞாயிறும் திங்களும் போயின. ஒவ்வொரு மடக்கும் புதிது, ஒன்றில் சுனை, ஒன்றில் தேனடை, ஒன்றில் மயில் உட்கார்ந்திருந்தது, எதுவும் திரும்ப வரவில்லை, ஊர் மட்டும் கிட்டே வரவில்லை. ஆட்டை எண்ணும் அளவுக்குக் கிட்டே, கூப்பிட்டால் கேட்காத அளவுக்குத் தூரத்தில் அது நின்றது. மைக்செட் சத்தம் மட்டும் மேலே வந்தது. திங்கட்கிழமை காலையில் மைக்கில் ஊர்த் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹலோ, மலையில வர்றவங்க கவனத்துக்கு, ஏன் இன்னும் வரல, நாங்க பாத்துக்கிட்டேதான் இருக்கோம்" என்றார்.

வியாழக்கிழமை வேலுத்தாயின் தம்பி தங்கப்பாண்டியும் தீயணைப்புக்காரர் ஒருவரும் அவர்களைக் கூட்டி வரக் கிளம்பினார்கள். நாலாவது மடக்கில் ஒரு பெரிய பாறை உண்டு. அதற்கு இந்தப் பக்கம் தீயணைப்புக்காரர் ஒன்றுக்குப் போக ஒதுங்கினார், தங்கப்பாண்டி இட்லித் தூக்கோடு பாறையைத் தாண்டி நடந்தார். மத்தியானத்துக்குள் மேலே வந்து நாலு பேரையும் பார்த்துவிட்டார், கட்டிப்பிடித்து அழுதார், இட்லி கொடுத்தார், "வா மாமா, அரை நாள் வழிதான், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று முன்னால் நடந்தார். அன்றிலிருந்து அவரும் இறங்கிக்கொண்டே இருந்தார். ஒதுங்கிய தீயணைப்புக்காரர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார், அவர் குடும்பம் வருடா வருடம் அந்த இடத்தில் ஒரு தேங்காய் உடைக்கிறது. பஞ்சாயத்து அந்தப் பாறைக்குச் சுண்ணாம்பு அடித்து எல்லைப்பாறை என்று பெயர் வைத்தது, ஊர் அதை மூத்திரப்பாறை என்றுதான் சொல்கிறது. அதைத் தாண்டி யாரும் ஏறக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். மேலே இருப்பவர்கள் சனிக்கிழமையே அதைத் தாண்டி இறங்கியவர்கள்தான், இருந்தும் வெள்ளை வெளேரென்ற அந்தப் பாறை அவர்களுக்கு எப்போதும் மூன்று மடக்குக்குக் கீழே தெரிந்துகொண்டே இருந்தது.

மனுஷருக்குத்தான் இந்த நியாயம். தங்கப்பாண்டி வளர்த்த சரசு என்ற கோவேறு கழுதை, எஜமானைத் தேடித் தானாக ஏறி வந்தது, ஒரு ராத்திரி தங்கியது, காலையில் தானாக இறங்கி ஊருக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைதோறும் ஊர் அதன் முதுகில் அரிசியும் பருப்பும் கோமதிநாயகத்துக்குப் பிரஷர் மாத்திரையும் கடிதங்களும் கட்டி அனுப்பியது, சாயங்காலம் அது இவர்கள் கடிதங்களோடு திரும்பியது. ஒருமுறை தங்கப்பாண்டி அதன் வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். மடக்குத் திரும்பியதும் கையில் நாலு மயிர்தான் இருந்தது, கழுதை இல்லை.

"நம்மகிட்ட சொன்ன மாதிரி அதுகிட்ட யாரும் ஒரே மடக்குன்னு சொல்லலைபோல" என்றான் பிரதீப்.

ஊர் பழகிக்கொண்டது. முதல் மாதம் டிவிக்காரர்கள் வந்தார்கள், இரண்டாம் மாதம் பைனாகுலர் வாடகைக்கு விடும் கடை வந்தது, மூன்றாம் மாதம் டிவிக்காரர்கள் போய்விட்டார்கள். பிரதீப்பின் அம்மா எட்டு மாதம் ஊரில் அறை எடுத்துத் தங்கி, காலையும் மாலையும் சிவப்புக் குடையை விரித்து ஆட்டிவிட்டு, ஒரு நாள் குடையை டீக்கடையிலேயே வைத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். நிச்சயமான பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருடத்துக்கு ஒரு தடவை சான்று தர வேண்டுமே, அதற்காகக் கார்த்திகை மாதம் ஓர் அதிகாரி அத்திமடைக்கு வந்து, பைனாகுலரில் கோமதிநாயகத்தைப் பார்த்து, அவர் கையைத் தூக்கி ஆட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டு, வடை சாப்பிட்டுப் போவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மலை வரைந்தால் அதில் ஐந்து பேரை வரைந்தார்கள், ஐந்து பேர் இல்லாத மலை அவர்களுக்கு மலையாகவே படவில்லை. நடக்காத காரியத்துக்கு ஊரில் ஒரு பேச்சும் வந்துவிட்டது. ரோடு எப்போது போடுவார்கள் என்று கேட்டால், "மூக்கையா வந்ததும் போட்டுருவாக" என்பார்கள். இதைச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அவருக்காகக் கழுதை முதுகில் அரிசி கட்டுகிறவர்கள்தான். ஒரு கடிதத்தில் யாரோ விளையாட்டாக இதை எழுத, மூக்கையா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் கொடியில் காயும் சேலை. வேலுத்தாய்க்கு எழுதத் தெரியாது. வீட்டில் எல்லாம் சுகம் என்றால் காலையில் பச்சைச் சேலையைக் காயப்போடுவாள், மகள் நாகஜோதிக்குக் காய்ச்சல் என்றால் மஞ்சள், அவர் மேல் கோபம் என்றால் எதையும் போட மாட்டாள். ஆறு வருடம் இப்படியே குடும்பம் நடத்தினார்கள், பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கும் எத்தனையோ புருஷன் பெண்டாட்டியைவிட அது மோசமான குடும்பம் என்று சொல்ல முடியாது. ஏழாம் வருடம் ஐப்பசியில் கொடி காலியாக இருந்தது. கோபம்போல என்று நினைத்தார். இரண்டாம் நாளும் காலி, மூன்றாம் நாளும் காலி. நான்காம் நாள் காலையில் மைக்செட் கரகரத்தது. "அத்திமடை மூக்கையா அவர்களின் மனைவி வேலுத்தாய் அம்மாள் அவர்கள் இன்று அதிகாலை..." என்று அது ஊருக்கும் மலைக்கும் சேர்த்துச் சொன்னது.

மூக்கையா ஓடினார். எஸ்தர் கத்தியதும் கேட்கவில்லை, தங்கப்பாண்டி அக்கா அக்கா என்று அலறிக்கொண்டு பின்னால் ஓடிவந்ததும் தெரியவில்லை, முள்ளிலும் கல்லிலும் குதித்து மடக்கு மடக்காக ஓடினார், நூறு மடக்கு, இருநூறு மடக்கு. ஒவ்வொன்றிலும் தன் வீட்டு வாசலைப் பார்த்தார்: பந்தல் போடுவதை ஒன்றில், பாடைக்குத் தேர் கட்டுவதை ஒன்றில், பதினேழு வயது நாகஜோதியை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டிருப்பதை ஒன்றில், ஓடைக்கரையில் புகை எழும்புவதை ஒன்றில். புகை அடங்கியபோதும் வெள்ளைப் பாறை மூன்று மடக்குக்குக் கீழேதான் இருந்தது. அவர் உட்கார்ந்து வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் சுனையில் குளித்துத் தங்கப்பாண்டி கையால் தலையை மழித்துக்கொண்டு வந்து, மூன்று பேர் முன்னாலும் கை கட்டி நின்றார்.

"சார், டீச்சர், தம்பி, ஒண்ணு சொல்லணும். ஒரே மடக்குதான்னு நான் சொன்னதெல்லாம் பொய்யி. எங்க தொழில்ல எல்லாரும் சொல்றதுதான். ஆனா இருபத்தஞ்சு வருஷம் நான் சொன்ன பொய்யை இந்த மலை எண்ணி வச்சிருக்குன்னு நெனைக்கிறேன். சொன்ன மடக்கையெல்லாம் இப்ப உண்டாக்கித் தருது. எத்தனை லட்சம் இருக்குதுன்னு எனக்கே தெரியல. நாம இறங்க மாட்டோம்."

உண்மையைச் சொன்னால் மலை மனம் இரங்கும் என்று அவருக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது. மடக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு மடக்கு இருந்தது.

"எனக்கு ஆறு வருஷத்துக்கு முந்தியே தெரியும்ப்பா" என்றார் கோமதிநாயகம். "பேங்குல லோன் கேட்டு வாறவங்ககிட்ட அடுத்த வாரம் வாங்கன்னு நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா. நீ சொல்லும்போதே அந்தக் குரல் எனக்குப் பிடிபட்டுப்போச்சு. நடந்துக்கிட்டு இருந்தா நல்லதுன்னுதான் கேக்காம இருந்தேன்."

அதற்கப்புறமும் அவர்கள் நடந்தார்கள். உட்கார்ந்துவிட்டால் மூத்திரப்பாறையைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும், அதைவிட நடப்பது மேல். எஸ்தர் முதல் நாளிலிருந்து மடக்குகளுக்கு எண் போட்டு வந்ததை நிறுத்திவிட்டார். பிரதீப்பின் போன் செத்து வருடக்கணக்காயிற்று, ஆனாலும் அழகான இடம் வந்தால் அதைத் தூக்கிப் பிடிப்பான். ஆசை என்று சொல்ல மூக்கையாவுக்கு ஒன்றுதான் மிச்சம், காலையில் ஒரு தடவை நாகஜோதி வாசல் தெளிப்பதைப் பார்க்க வேண்டும். கட்டை விரல் அளவுக்குத்தான் தெரிவாள். அவளுக்குப் பதினோரு வயதில் பார்த்த முகத்தை அந்தக் கட்டை விரலுக்கு அவராகவே ஒட்டவைத்துக்கொள்வார், வருடம் ஏற ஏற அது ஒட்டாமல் நழுவியது.

ஒன்பதாம் வருடம் வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் சரசு ஒரு பத்திரிகையும் ஒரு கடிதமும் கொண்டுவந்தது. பத்திரிகையில் நாகஜோதிக்கும் கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்கும் வருகிற வெள்ளிக்கிழமை காலையில் காளியம்மன் கோயிலில் கல்யாணம் என்று போட்டிருந்தது. வேலுத்தாயின் பெயருக்கு முன்னால் தெய்வத்திருமதி என்று இருந்தது, அவர் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. கடிதத்தை எஸ்தர்தான் வாசித்தார்.

"அப்பா, செல்வராணி அத்தை உங்க பேருக்கு முன்னாடியும் தெய்வத்திரு போடச் சொன்னுச்சு, ஊர்ல வேற ரெண்டு பேரும் அப்படித்தான் சொன்னாங்க. நான் சண்டை போட்டு எடுக்கச் சொன்னேன். தகப்பன் இருக்கும்போது தகப்பன் இல்லாம என்னால மாலை போட்டுக்க முடியாது. நான் புதன்கிழமை ஏறி வர்றேன். உங்களையும் மாமாவையும் பாத்து, விபூதி வாங்கிட்டு, வியாழக்கிழமை சரசுவோட வாலைப் புடிச்சு இறங்கிருவேன். மாமா முரட்டுத்தனமாப் புடிச்சிருப்பாரு, அதான் அது உதறிருச்சு. எல்லார்கிட்டயும் பொய் சொன்னீங்கன்னு எழுதுனீங்களே, எங்கிட்ட நீங்க ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. அதனால என்னைய மலை விட்டுரும்."

மூக்கையா கடைசி இரண்டு வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை எப்பப்பா வருவீங்க என்று கேட்டதும், மூணாம் நாள் சாயங்காலம் உன்கூட உக்காந்து காப்பி குடிப்பேன் என்று அவர் சொன்னதும், பாதி நாள் அது பொய்யாய்ப் போனதும், கடைசித் தடவையும் அதையேதான் சொல்லிவிட்டு வந்ததும் அவருக்கு நினைவில் இருந்தது. அவளுக்கும் மலை எத்தனையோ மடக்கு எடுத்து வைத்திருக்கும். வராதே, வந்தால் உன்னைக் கொன்ற பாவம் எனக்கு, அம்மா மேல் ஆணை என்று எஸ்தரை எழுதச் சொல்லி, அன்றைக்கே கழுதையிடம் கட்டி அனுப்பினார். ஆனால் அவள் வேலுத்தாயின் மகள், ஆணைக்கெல்லாம் அடங்கும் ஜாதி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பனி விலகியதும் அவள் தெரிந்தாள். கையில் தூக்குச்சட்டி, தோளில் சிவப்புப் பை, பின்னால் சரசு. முதல் மடக்கைத் திரும்பினாள், இரண்டாவதைத் திரும்பினாள். ஊரே கோயில் முன்னால் கூடிவிட்டது. மைக்கில் தங்கப்பாண்டியின் மனைவி செல்வராணி, "ஏத்தா நாகஜோதி, அம்மா இல்லாத பிள்ளையின்னு வளத்தேனே, திரும்பி வந்துருத்தா" என்று கதறிக்கொண்டிருந்தாள். பிள்ளை திரும்பிப் பார்க்கவே இல்லை. மூன்றாவது மடக்கில் நின்று, மேலே அண்ணாந்து, கையை நெற்றிக்கு வைத்துத் தேடி, அப்பாவைக் கண்டுகொண்டு, தூக்குச்சட்டியை உயர்த்திக் காட்டினாள்.

உண்மையைச் சொன்னால், மூக்கையாவுக்கு அவள் வர வேண்டும் என்றுதான் இருந்தது. வரட்டும், வந்து என் பக்கத்தில் உட்காரட்டும், அந்த முகம் எப்படி ஆகியிருக்கிறது என்று நான் ஒரு தடவை பார்க்கிறேன், பேசினால் வேலுத்தாய் குரல் இருக்கிறதா என்று கேட்கிறேன், அப்புறம் அவள் வாழ்க்கை என்ன ஆனால் என்ன என்று ஒரு கணம் நினைத்தார், நினைத்ததற்கு வெட்கப்படவும் நேரம் இல்லை. அவள் வெள்ளைப் பாறைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். எழுதியாயிற்று, ஆணையிட்டாயிற்று, இங்கிருந்து கத்தினால் கேட்காது. மேலே இருக்கிறவரால் அவளுக்குக் காட்ட முடிந்தது ஒன்றே ஒன்றுதான்.

மூக்கையா முதுகைத் திருப்பிக்கொண்டு மேலே நடந்தார்.

"மாமா, பிள்ளை வருது, நீ எங்கிட்டுப் போற?" தங்கப்பாண்டி அவர் சட்டையைப் பிடித்தார்.

"மேல."

"கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? ஒம்பது வருஷம் கழிச்சுப் பெத்த பிள்ளை ஏறி வருது, மூஞ்சியைக் காட்டாமப் போறியே, நீயெல்லாம் மனுசனா?"

"நீயும் வா. நீ நின்னா உன்னைத் தேடி வரும்."

தங்கப்பாண்டிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. எஸ்தருக்கு முதலிலேயே புரிந்துவிட்டது, அவர் கோமதிநாயகத்தின் கையைப் பிடித்துத் திருப்பி ஏற்றத்தில் விட்டார், பிரதீப் அவர் பையை வாங்கிக்கொண்டான். ஒன்பது வருடமாக இறங்கிக்கொண்டிருந்த ஐந்து பேரும் ஊர் பார்க்க ஏறத் தொடங்கினார்கள். மைக்கில் செல்வராணியின் அழுகை பாதியில் நின்றது. யாரோ ஒருவர், "ஏறுறாங்கப்பா" என்று மைக் திறந்திருப்பது தெரியாமல் சொன்னார். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

மூக்கையா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவை திரும்பினாலும் அது அவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் ஒரே ஓட்டமாக வந்துவிடுவாள். முதுகிலேயே கண் இருப்பதைப்போல அவருக்குப் பிடரி எரிந்தது. அவள் பாறைக்கு இந்தப் பக்கம் இருக்கிறாளா, அந்தப் பக்கம் இருக்கிறாளா என்று பின்னால் வருகிறவர்களைக் கேட்கக்கூட அவருக்குத் துணிச்சல் வரவில்லை, அவர்களும் ஒருவரும் திரும்பவில்லை. ஏற்றத்தில் மடக்குகள் கூடவில்லை. பழைய பாறைகள், பழைய மரங்கள், கை வைத்தால் அடையாளம் தெரியும் பாதை, எல்லாம் இருந்த இடத்தில் ஒழுங்காக இருந்தன. மேலே போவதென்றால் அந்த மலைக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் உச்சிக்குச் சற்றுக் கீழே முகட்டில் நின்றார்கள். அதைத் தாண்டினால் கேரளத்துப் பக்கம், கொஞ்சம் புல்வெளி, அதற்கப்புறம் இறங்க வழியில்லாத பள்ளம், எப்போதும் மேகம், ஊர் தெரியாது, மைக்செட் கேட்காது. பாதையில் சரசு வரவில்லை. நாகஜோதியும் வரவில்லை.

"பொண்ணு திரும்பிட்டுபோல அண்ணாச்சி" என்றார் எஸ்தர். "செவ்வாய்க்கிழம கழுத வந்தா ஒரு லெட்டர் எழுதலாம். ஏன் இப்பிடிச் செஞ்சீங்கன்னு அவளுக்குத் தெரியாண்டாமா? ஆயுசுக்கும் அப்பா நம்மள வேண்டாம்ன்னு போயிட்டாருன்னு நெனப்பாளே."

மூக்கையா எல்லாருக்கும் பொதுவாகக் கை கூப்பினார்.

"நெனைக்கட்டும் டீச்சர். எதுக்காகத் திரும்புனேன்னு தெரிஞ்சா அது மறுபடி ஏறிரும். என்னைய வெறுத்தாத்தான் அது கீழ இருக்கும். யாரும் ஒரு வரி எழுதிறாதீக. உங்க காலுல விழுகுறேன்."

எஸ்தர் தலையசைத்தார். டீச்சர் அழுததை மற்றவர்கள் பார்க்காததுபோல இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நாலு பேரும் முகட்டைத் தாண்டிப் போனார்கள், மூக்கையா மட்டும் கொஞ்சம் பின்தங்கி, ஊருக்கு முதுகு காட்டிக்கொண்டே பாறை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் நடக்கிறதா என்று தெரிந்துகொண்டு போய்விடலாம் என்பதுதான் அவர் கணக்கு. ஏழு மணி வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கீழிருந்து கரகரப்பு வந்தது, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒரு பையன் சொன்னான், நாதஸ்வரம் தொடங்கியது. அவள் போய்விட்டாள், கீழே இருக்கிறாள். மூக்கையா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

எட்டேகால் மணிக்கு நாதஸ்வரம் நின்றது. கல்யாண வீடுகளில் மைக் பிடிக்கிறவர்களுக்கென்று இருக்கும் அந்த அவசரக் குரல் மலையேறி வந்தது.

"மணமகளின் தகப்பனார் மூக்கையா அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மணமேடைக்கு வரவும்."

பழக்கத்தில் சொல்லிவிட்டான் என்று நினைத்தார். குரல் மறுபடியும் வந்தது.

"மணமகள் கேட்டுக்கொள்கிறார். தகப்பனார் மூக்கையா அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மணமேடைக்கு வரவும்."

அவருடைய கால்கள் அவரைக் கேட்காமல் எழுந்து, திரும்பி, கீழ்நோக்கி நாலு அடி வைத்துவிட்டன. அங்கே ஒரு மடக்கு இருந்தது. அதன் வளைவில் கை வைத்து மூக்கையா நின்றுகொண்டார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை மைக்கில் கேட்டது அவன் குரல் இல்லை, ஒரு பெண் குரல், அப்பா என்ற ஒரு வார்த்தை மட்டும். அதில் வேலுத்தாயின் குரல் இருந்தது.

அதற்கு மேல் ஊர் காத்திருக்கவில்லை, முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. கெட்டிமேளம் கொட்டினார்கள். அது முடிகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, மூக்கையா முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்.